ரொக்கமாகக் கொடுத்தவள்

சலவைச் சீட்டின் அடியில் இருந்த கையெழுத்து குருவியுடையது.

பதறுவதற்கு ஒன்றுமில்லைதான். ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஒரு நாளைக்கு நாற்பது காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவளுக்கு எதில் போட்டோம், எதில் போடவில்லை என்று நினைவில் நிற்குமா? ஆனால் இது விருந்தினர் போட வேண்டிய இடம். அறை எண் 412. சட்டை இரண்டு, கால்சட்டை ஒன்று. அதற்குக் கீழே, முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கடைசி எழுத்தை எழுதப் பொறுமையில்லாமல் ஒரே கோடாக இழுத்துவிடும் அவளுடைய சொந்தக் கிறுக்கல்.

"அக்கா, இதை யார் குடுத்தது?"

சீட்டைக் கொண்டுவந்த பெரியக்கா, அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் தலைவி. முழங்கால் வலிக்காரி. "யாரு குடுப்பாங்க? கதவுக்கு வெளியில பையில மாட்டியிருந்துச்சு. ஏன், கணக்கு தப்பா?"

"ஒண்ணுமில்லக்கா."

பெரியக்கா நொண்டிக்கொண்டே போய்விட்டாள். குருவி சீட்டைக் கோப்பில் செருகி, அதன்மேல் வேறு நாலு காகிதத்தையும் அடுக்கினாள். கோப்பை மூடிய பிறகும் விரல் நுனியில் ஒரு ஈரம் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்து, காயாமலே மடித்து வைத்த செய்தித்தாளின் வாசனை. அந்த வாசனையை நேற்றுத்தான் இதே மேசையில் முகர்ந்திருந்தாள்.

குருவி என்பது மேனேஜர் வைத்த பெயர். ஆள் சின்னது, நடப்பதே தத்தித் தத்தி. வந்த முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கணவன் கப்பலில் வேலை பார்த்தான்; வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டுக்கு வருவான். மற்றபடி அவளும் ஏழு வயது மகள் பாப்புவும் மட்டும்தான். காலை ஏழிலிருந்து மதியம் மூன்று வரை வேலை. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பத்து நிமிட நடைதான். கணக்குப் போட்டால் அவள் எப்போதும் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். ஆனால் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் சாவகாசம். அவர் வந்து, தண்ணீர் குடித்து, சட்டைக் கையை மடித்துவிட்டு மேசைக்கு வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகிவிடும்.

"இன்னைக்கும் கடைசி நான்தான்," என்பாள் பாப்பு. கோபமாகச் சொன்னாலாவது பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லுவாள். "எல்லாரும் போயிட்டாங்க. நானும் வாட்ச்மேனும் மட்டும்தான் இருந்தோம்."

குருவி அவளுடைய புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வாள். நாளைக்குச் சீக்கிரம் வந்துடறேன்டா என்பாள். எத்தனையாவது நாளை என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

412-இல் தங்கியிருக்கும் அந்தப் பெண் வந்தது திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. நாற்பத்தெட்டு அறைகளில் ஆறு மட்டும் நிரம்பி, ஊழியர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வாரம். வருகிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார். கார்டும் அடையாள அட்டையும் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதற்குத்தான் குருவிக்குச் சம்பளம்.

"அஞ்சு நாள். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும்," என்று அந்தப் பெண் பணத்தை மேசைமேல் வைத்தாள். அத்தனையும் ரொக்கம். நோட்டுகள் லேசாக ஈரமாக இருந்தன.

"கார்டு ஏதாவது இருக்கா மேடம்? அட்வான்ஸுக்கு."

"கார்டு கிடையாது."

"அடையாள அட்டை?"

"பெட்டியில இருக்கு. பெட்டி நாளைக்கு வரும்."

கம்ப்யூட்டர் திரை கார்டு எண்ணைக் கேட்டுக்கொண்டு நகர மறுத்தது. இந்த மாதிரிச் சமயங்களில் மேசைக்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. தங்களுடைய சொந்தக் கார்டை ஒரு தடவை தேய்த்து, தங்களுடைய அடையாள எண்ணையே போட்டு, திரையைத் தாண்டிவிடுவார்கள். மறுநாள் விருந்தினரின் அட்டை வந்ததும் மாற்றிவிட்டால் போயிற்று. சாவகாசம் மாதத்துக்கு நாலு தடவை செய்வார். குருவியும் செய்தாள். எண்ணைத் தட்டியதும் ஊழியர் பதிவிலிருந்து மீதியெல்லாம் தானாக நிரம்பின. பெயர், வயது, வீட்டு முகவரி. குடும்பம்: மகள், வயது ஏழு.

அந்தப் பெண் மேசைமேல் கையை ஊன்றி எட்டித் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் படித்தாள்.

"உங்க பேரையா போட்டீங்க?"

"சும்மா மேடம். திரை தாண்டறதுக்குத்தான். நாளைக்கு மாத்திடுவேன்."

"பரவாயில்ல. நல்ல பேரு," என்றாள். சாவியை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இதுவே போதும்."

அவள் லிஃப்டுக்குள் போன பிறகு, அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்த்தாள் குருவி. உயரமா, குட்டையா? முகம் வட்டமா? வாசனை நினைவிருந்தது. ஈர நோட்டு நினைவிருந்தது. முகம் மட்டும் வரவேயில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சலவைச் சீட்டைப் பார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமை, டீ குடிக்கும் நேரத்தில் மேனேஜரிடம் பட்டும் படாமலும் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏன் சார், ரொக்கம் குடுக்கறவங்கன்னா தலைமை ஆபீஸ் இப்படிப் பயப்படுது? காசு காசுதானே?"

"காசுல ஒரு குறையும் இல்லம்மா. ஆள்லதான்," என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். கதை சொல்லக் கிடைத்தால் டீ ஆறிப்போவதுகூட அவருக்குத் தெரியாது. "கார்டு குடுத்தவன் விளக்கை உடைச்சாலும், துண்டைத் தூக்கிட்டுப் போனாலும், அவன் வீட்டு வாசல் வரைக்கும் நம்மகிட்ட ஒரு கயிறு இருக்கு. இழுத்தா வருவான். ரொக்கம் குடுத்தவனுக்குக் கயிறு கிடையாது. காசு இருக்கும், பின்னாடி ஆள் இருக்காது. நான் முன்னாடி இருந்த இடத்துல ஒருத்தன் மூணு வாரம் தங்கினான். எல்லாம் ரொக்கம், எல்லாம் முன்கூட்டியே. அவன் போனப்புறம் ஒரு சாமான் குறையல. எங்க லிஃப்ட்காரர் மட்டும் வேலைக்கு வரல."

"என்ன ஆச்சு சார்?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தார். பேரன் பேத்தியெல்லாம் மடியில. என்னை மட்டும் யாருன்னு தெரியல அவருக்கு." மேனேஜர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "412 ரொக்கம்தானே? கார்டு, ஐடி எல்லாம் வாங்கிட்டேல்ல?" என்றார்.

இந்த வருடம் அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, இரண்டுமே இதே தவறுக்காக. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வாங்கிட்டேன் சார்," என்றாள் குருவி.

புதன்கிழமை காலையில், பெரியக்கா மேசைக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன்டி, 412-ல நீ இருக்கேன்னா சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? தொந்தரவு செய்யாதீங்கன்னு அட்டை தொங்குதேன்னு நானும் மூணு நாளா கதவைத் தட்டாம போறேன்."

"நான் எங்கக்கா அங்க இருந்தேன்?"

"இப்பத்தானே கதவை இத்தனூண்டு திறந்து துண்டை வாங்கிக்கிட்டே. மூஞ்சியைக் காட்டலைன்னா உன் குரல் எனக்குத் தெரியாதா?"

குருவி சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வது? காலையிலிருந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று சொன்னால் பெரியக்கா நம்பப்போவதில்லை. நம்பிவிட்டால் அது இன்னும் மோசம்.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசியில் 412-இன் விளக்கு எரிந்தது. கூடத்தில் யாரும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பட்டப்பகல் வெயில். காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். ஏசி இயந்திரத்தின் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. குருவி ரிசீவரைக் காதில் வைத்தாள்.

மறுமுனையிலும் தண்ணீர் சொட்டியது. அதே வாளி, அதே இடைவெளி. பிறகு லிஃப்ட் மணி ஒன்று காதுக்குள் அடித்தது. குருவி நிமிர்ந்து லிஃப்டைப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, கூடத்தில், நிஜமாகவே, அந்த மணி அடித்தது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை.

"வணக்கம், வரவேற்பு, சொல்லுங்க," என்றது ரிசீவர்.

அவள் சொல்ல வாயெடுத்த வார்த்தைகள். அவள் குரல். அவளுக்கு முன்னால்.

குருவியின் உள்ளங்கை வியர்த்து ரிசீவர் வழுக்கியது. "மேடம்... என்ன வேணும்?"

"ஒரு சின்னக் கட்டில் வேணும். குழந்தைக்கு."

"உங்ககூடக் குழந்தை இல்லையே மேடம்?"

"வரும்." சொட்டு. சொட்டு. "ஏழு வயசு. கட்டில் சுவர் ஓரமா இருக்கட்டும். சுவர்ல முதுகு படலைன்னா தூங்க மாட்டா."

இணைப்பு அறுந்தது. குருவி நெடுநேரம் ரிசீவரைக் கீழே வைக்காமலே இருந்தாள். பாப்பு பிறந்ததிலிருந்து அப்படித்தான். சுவரில் முதுகு பட வேண்டும். அது குருவிக்கும் கப்பலில் இருப்பவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். உடனே கம்ப்யூட்டரைத் திறந்து 412-இல் இருந்து தன் பெயரை அழிக்கப் பார்த்தாள். விருந்தினர் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது திரை. விருந்தினர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் மினுக்கிக்கொண்டிருந்தது.

நேரே மேலே போனாள். நாலாவது மாடித் தாழ்வாரத்தில் ஜன்னல் கிடையாது. பகலிலும் மஞ்சள் விளக்குதான். பத்து அறைகள் காலியாகக் கிடந்தன. கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. போகப் போக அந்த வாசனை கனத்தது, ஈரக் காகிதமும், பூட்டியே கிடந்த வீட்டின் காற்றும். கடைசிக் கதவு 412. தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். உள்ளே யாரோ தலை சீவிக்கொண்டிருந்தார்கள். நீளமான முடியில் சீப்பு மேலிருந்து கீழே போகும் சத்தம், நடுவில் ஒரு சிக்கு, ஒரு நிறுத்தம், மறுபடி மேலிருந்து. அதோடு ஒரு முணுமுணுப்பு. பாப்புவுக்குச் சடை பின்னும்போது குருவி தன்னையறியாமல் முனகும் மெட்டு அது. பாட்டே இல்லை. அவளே உண்டாக்கியது.

அவள் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து கதவு மூன்று தடவை தட்டப்பட்டது.

லிஃப்டுக்காகக் காத்திராமல் நாலு மாடியும் படியிலேயே ஓடி இறங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் நீலப் போர்வையைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில், கொடியில், அலமாரியில் என்று எல்லா இடத்திலும் தேடினாள்.

"நீதானேம்மா காலையில எடுத்துட்டுப் போனே," என்றாள் பாப்பு, வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்காமல். "துவைக்கணும்னு சொன்னியே. நான் பல்லு தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

"நானா?"

"அப்புறம் இன்டர்வெல்ல ஸ்கூலுக்கு வந்தியே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டினே. நான் ஓடி வரதுக்குள்ள போயிட்டே." பென்சிலைக் கடித்தாள். "நாளைக்கு உள்ள வாம்மா. எல்லாருக்கும் காட்டணும், எங்கம்மா வந்திருக்காங்கன்னு."

குருவி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் எங்கே ஓடுவது? லீவு போட்டால் சம்பளம் போகும், மேனேஜர் காரணம் கேட்பார். குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஹோட்டலுக்கா கூட்டிப்போவது? பள்ளிக்கூடத்துக்கு மதில் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். இன்னும் ஒரே நாள். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கட்டிய பணம் தீர்ந்துவிடும். அந்தப் பெண் போயே ஆக வேண்டும்.

"நாளைக்கு நான் வந்தாத்தான் நீ கேட்டைத் தாண்டணும். வேற யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது."

"நீதானே வருவே?"

"நான்தான்."

"சீக்கிரமா?"

"சீக்கிரமா," என்றாள் குருவி. இந்தத் தடவை சத்தியமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை, வருகை பதியும் இயந்திரத்தில் அட்டையை வைத்தாள். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றது. ஆறு ஐம்பதுக்கு. செக்யூரிட்டி அண்ணன் தினமும் "என்ன குருவி, சாப்பிட்டியா" என்பவர், அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டு விறைப்பாகச் சலாம் வைத்தார். "குட் மார்னிங் மேடம். வெளியில போயிட்டு வரீங்களா?"

"அண்ணே, நான்தான்."

அவர் சிரித்தார். விருந்தினர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு.

பதினொன்று ஐம்பதுக்கு மேலே போனாள். தட்டினாள். "மேடம், செக் அவுட் நேரம்," என்றாள், தன் குரல் எவ்வளவு சன்னமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. பதில் இல்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் இருந்தது. காத்து நின்று, மறுபடி தட்டி, கால் மரத்துப்போய்க் கீழே வந்தபோது பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம்.

மேனேஜர் மேசையில் நின்று உறை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல். "412 ஞாயிறு வரைக்கும் நீட்டிச்சாச்சு. நல்ல பார்ட்டி."

"யார் சார் பணம் கொண்டுவந்தது?"

"என்ன கேள்வி இது? நீதானே இப்ப வந்து நீட்டினே. ரொக்கம் சார், வாங்கிக்குங்கன்னே." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை ஒரு கணம் அவள் முகத்தில் பிடி கிடைக்காமல் வழுக்கியது. "நீ... ஆமா, குருவி. என்னமோ வெளிச்சத்துல சட்டுன்னு தெரியல."

சொல்லிவிடலாம். இப்போதே. என் கார்டு சார், என் பேரு சார், நான் செஞ்ச தப்பு சார். வாய் வரைக்கும் வந்தது. மூன்றாவது கடிதம் கண்ணில் நின்றது, வீட்டு வாடகை நின்றது, பள்ளிக்கூடக் கட்டணம் நின்றது. எச்சிலோடு விழுங்கினாள்.

"சார், இன்னைக்கு ரெண்டரைக்கே போகட்டுமா? பாப்புவைக் கூப்பிடணும்."

"எத்தனை தடவை கேப்பே? சரின்னு அப்பவே சொன்னேனே."

அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

ரெண்டரை வரைக்கும் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடிகாரத்தையும் பார்த்தாள், லிஃப்டையும் பார்த்தாள். பிறகு ஓடினாள். செருப்பு வாரறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தார் ரோடு பாதத்தைச் சுட்டது. பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தபோது மணி இரண்டு நாற்பது. வெளியே ஒரு அப்பா, ஒரு அம்மா இல்லை. அவள்தான் முதல் ஆள். மூச்சு வாங்கிக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவே சிரித்தாள்.

"இரண்டாம் வகுப்பு. பாப்பு. கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டுப் போகணும்," என்றாள் வாட்ச்மேனிடம்.

"அந்தக் குழந்தையா? ரெண்டு மணிக்கே அவங்கம்மா வந்து, டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துக் கூட்டிட்டுப் போயாச்சே." அவர் முகமும் மலர்ந்தது. "பாவம், தினமும் கடைசியா நிக்கும். இன்னைக்குத்தான் அம்மா முதல்ல வந்தாங்க. துள்ளிக் குதிச்சுட்டுப் போச்சு." பிறகு அவள் வெறுங்காலையும் கலைந்த தலையையும் பார்த்துவிட்டுப் பூட்டின்மேல் கை வைத்தார். "நீங்க யாரு?"

தினமும் பார்த்தவர். பாப்புவோடு உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தவர்.

திரும்பி ஓடினாள்.

ஊழியர் கதவு அவள் அட்டைக்குத் திறக்கவில்லை. முன்வாசல் வழியாகப் போனாள். மேசையில் சாவகாசம். ஒரு நாளும் நேரத்துக்கு வராதவர் இன்றைக்கு மூன்று மணிக்கு முன்பே வந்து நிற்கிறார்.

"என் குழந்தை. 412-ல. சாவி குடுங்க, சீக்கிரம்!"

"விருந்தினர் அறையை நாங்க வெளியாளுக்குத் திறந்துவிட முடியாதுங்க."

"நான் குருவி!"

"குருவி அப்பவே வீட்டுக்குப் போயிட்டாங்களே மேடம்."

மேனேஜர் சத்தம் கேட்டு வந்தார். அவருக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டினாள். கார்டு, திரை, பெயர், கட்டில், போர்வை. மூன்று நாள் முன்பு சொல்லியிருக்க வேண்டியது அத்தனையும். அவர் பொறுமையாகக் கேட்டார். கதை கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார்.

"சரிங்க. உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க."

பையைத் திறந்தாள். கார்டு இருந்த இடத்தில் கார்டின் அச்சு மட்டும் பையின் தோலில் பதிந்திருந்தது. அடையாள அட்டை இருந்த இடமும் காலி. மீதி இருந்தது கொஞ்சம் நோட்டு. அதை அப்படியே அள்ளி மேசைமேல் வைத்தாள். "ஒரு ரூம் குடுங்க. நாலாவது மாடியில. எதுவா இருந்தாலும் சரி. இந்தாங்க பணம், முன்கூட்டியே."

அவள் கை வியர்வையில் நோட்டுகள் நனைந்திருந்தன.

மேனேஜர் அவற்றை ஒரு விரலால் திரும்பத் தள்ளினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ரொக்கம் மட்டும் வச்சுக்கிட்டு வரவங்களை நாங்க சேர்க்கிறதில்ல."

அவள் படிக்கட்டுக்குப் பாய்ந்தாள். பின்னால் செக்யூரிட்டி அண்ணனின் பூட்ஸ் சத்தம். ஒன்றாவது மாடி. இரண்டு. பூட்ஸ் பின்தங்கியது. மூன்று. மூச்சு இல்லை. நாலு.

மஞ்சள் விளக்கு. கம்பளம். வாசனை.

"பாப்பு!"

கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "பாப்பு! கதவைத் திற! அம்மாடா!"

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. சின்னக் காலடிகள். தாழ்ப்பாள். கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் பாப்புவின் முகம். புதிதாகப் பின்னிய இரட்டைச் சடை. உதட்டோரத்தில் பால் மீசை. அவளுக்குப் பின்னால், சுவர் ஓரமாகச் சின்னக் கட்டில். அதன்மேல் நீலப் போர்வை.

குருவி விரல்களை இடைவெளிக்குள் விட்டாள். "சங்கிலியை எடுடா கண்ணு. சீக்கிரம். அது அம்மா இல்ல. நான்தான். என்னைப் பாரு. நான்தான்டா."

பாப்பு பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு முழுக்க ஒருவர் கண்ணிலும் தெரியாத ஒன்று அந்தக் கண்ணில் தெரிந்தது. அடையாளம்.

"தெரியும்," என்றாள் பாப்பு மெதுவாக, உள்ளே இருப்பவருக்குக் கேட்கக் கூடாதென்பதைப் போல. "நீதான்னு தெரியும்மா."

"அப்புறம் என்னடா? வா. வா வெளியில."

"நீ வருவேன்னும் தெரியும்." குழந்தையின் கண் நிரம்பியது. "ஆனா நீ எப்பவும் கடைசியிலதான் வருவே. அவங்க காலையிலேயே வந்துட்டாங்க. ப்ரேயர்லேர்ந்து வேலிக்கிட்டயே நின்னாங்க. எனக்காக."

குருவி விரல்களை இன்னும் உள்ளே நீட்டிச் சங்கிலியைத் தேடினாள்.

உள்ளேயிருந்து சீப்பை வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது. "யாருடா அது?" என்றது குருவியின் குரல், குருவிக்கு என்றுமே வாய்க்காத ஒரு சாவகாசத்தோடு.

பாப்பு தாயின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், இடைவெளியிலிருந்து வெளியே தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

குருவி அறைந்தாள். கத்தினாள். தரையில் குப்புறப் படுத்தாள். கன்னம் கம்பளத்தில். கதவுக்கு அடியில் விரல் அகல வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில் இரண்டு சின்னப் பாதங்களின் நிழல். கதவை ஒட்டி. அசையாமல்.

பிறகு அவற்றுக்குப் பின்னால் இரண்டு பெரிய நிழல்கள் வந்து நின்றன. ஈரக் காகித வாசனை வெளியே வழிந்தது. மேலே எங்கேயோ அந்த மெட்டு, அவளுடைய மெட்டு.

சின்னப் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. முதலில் குதிகால். பிறகு விரல் நுனி.

செக்யூரிட்டி அண்ணன் வந்து தோளைப் பிடித்து இழுக்கும்வரை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள் குருவி. பெரிய நிழல்கள் இரண்டும் அதே இடத்தில் நின்றன. சின்னப் பாதங்கள் திரும்பத் தரையில் இறங்கவேயில்லை.